கேமரா முன்னால் வளர்ந்த பிள்ளை: ‘பீப்பிங் டாம்’ படத்தின் பின்னணி

1960 ஏப்ரலில் லண்டனில் வெளியான ஒரு படத்தைப் பற்றி ‘ட்ரிப்யூன்’ இதழின் விமர்சகர் டெரிக் ஹில் எழுதியது இன்றும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தை மண்வாரியால் அள்ளிப் பக்கத்துச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் விட்டு அடிப்பதுதான் ஒரே வழி, அப்போதும் நாற்றம் போகாது என்று எழுதினார். மற்ற பத்திரிகைகளும் சளைக்கவில்லை. படத்தின் பெயர் ‘பீப்பிங் டாம்’, அதாவது ஒளிந்து நின்று எட்டிப் பார்ப்பவன். இயக்குநர் மைக்கேல் பவல்.

பவல் ஒன்றும் மலிவான திகில் படம் எடுத்துப் பிழைத்தவர் இல்லை. எமெரிக் பிரஸ்பர்கருடன் சேர்ந்து ‘பிளாக் நார்சிசஸ்’ (1947), ‘த ரெட் ஷூஸ்’ (1948) போன்ற படங்களைத் தந்தவர். வண்ணத்தை அவர் அளவுக்குத் துணிச்சலாகக் கையாண்டவர்கள் பிரிட்டிஷ் சினிமாவில் குறைவு. அப்போது அவருக்கு 54 வயது. அப்படிப்பட்டவர் மேல் ஏன் இவ்வளவு காறித் துப்பினார்கள்?

ரத்தம்தான் காரணம் என்றால் அதுவும் இல்லை. படத்தில் ரத்தம் கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. கொலை நடக்கப்போகிறது என்று தெரியும், கத்தி நெருங்கும், சாகப்போகிறவளின் முகம் தெரியும், அத்தோடு காட்சி வெட்டப்படும். அதே காலத்தில் வந்த ‘ஹாரர்ஸ் ஆஃப் த பிளாக் மியூசியம்’ போன்ற படங்களில் இதைவிட அப்பட்டமான கொடூரம் உண்டு. விமர்சகர்கள் அவற்றை ஏளனமாக ஒரு பத்தி எழுதித் தள்ளிவிட்டார்கள். ‘பீப்பிங் டாம்’ அவர்களைச் சீண்டியதற்கு வேறு காரணம் இருந்தது. அது படத்தில் வரும் ஓர் அப்பா, ஒரு பிள்ளை சம்பந்தப்பட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கதையை முடிவு வரை சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

மார்க் லூயிஸ் ஒரு சினிமா ஸ்டூடியோவில் ஃபோகஸ் புல்லர். கேமராமேன் பக்கத்தில் நின்று லென்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்சி மங்காமல் பார்த்துக்கொள்ளும் உதவியாளர். வேலை முடிந்ததும் ஒரு பத்திரிகைக் கடையின் மாடியில் பெண்களை அரைகுறை உடையில் நிற்கவைத்துப் படமெடுத்துக் கொடுக்கிறான். இதற்கெல்லாம் மேல் அவன் சொந்தமாக ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய முக்காலியின் ஒரு கால் கூர்மையான கத்தி. அதை நீட்டியபடி பெண்களை நெருங்கி, அவர்கள் பயந்து சாகும் முகத்தைப் படம்பிடிக்கிறான். பிறகு இரவில் தன் இருட்டறையில் அந்தச் சுருள்களைத் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் ஏமாற்றம்தான். வெளிச்சம் சரியில்லை, சட்டென்று முகம் மறைந்துவிட்டது, ஏதோ ஒன்று குறை. அதனால் இன்னொரு கொலை.

அவன் குடியிருப்பது அப்பா விட்டுப்போன பெரிய வீட்டில். மாடியை வைத்துக்கொண்டு மற்ற அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறான். ஆனால் வீட்டுக்காரன் மாதிரி நடந்துகொள்ளத் தெரியாது. தன் வீட்டு ஜன்னலிலேயே வெளியிலிருந்து திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிறான். கீழ்வீட்டில் ஹெலன் என்ற பெண்ணும் பார்வையிழந்த அவளுடைய அம்மாவும் இருக்கிறார்கள். ஹெலனுக்கு 21 வயது முடிந்த நாளில் அவள் கேக் துண்டோடு மாடிக்கு வருகிறாள். நீங்கள் என்ன படம் எடுக்கிறீர்கள், எனக்குக் காட்டுங்களேன் என்கிறாள். அவன் தன் படத்தைக் காட்டவில்லை. அப்பா எடுத்த படத்தைப் போடுகிறான்.

படத்தின் உயிர் இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைச் சுருள். தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பையன். முகத்தில் பளீரென்று விளக்கு அடிக்கிறது, அலறி விழிக்கிறான். அடுத்த துண்டில் அவன் படுக்கையில் ஒரு பல்லியினத்துப் பிராணி வந்து விழுகிறது. அடுத்ததில் பூங்காவில் ஒரு ஜோடி முத்தமிடுவதைச் சுவரேறிப் பார்க்கிறான். அவன் பார்ப்பதை அப்பா படமெடுக்கிறார். அப்புறம் ஒரு கட்டில், அதில் செத்துக் கிடக்கும் அம்மாவின் கை. பையன் அந்தக் கையைத் தொடுகிறான். அதையும் அப்பா படமெடுக்கிறார். அடக்கம் முடிந்த ஆறாவது வாரத்தில் புது அம்மா வருகிறாள். அப்பா ஊருக்குக் கிளம்பும் நாளில் மகனுக்கு ஒரு பரிசு தருகிறார். அது ஒரு கேமரா.

ஹெலன் பதறிப்போய் நிறுத்தச் சொல்கிறாள். மார்க் அமைதியாக விளக்குகிறான். அப்பா ஒரு விஞ்ஞானி. பயம் நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர். அதிலும் குழந்தைகளின் பயத்தில் அவருக்குத் தனி அக்கறை. அலமாரியில் அவர் எழுதிய தடித்த புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. என் பிள்ளைப் பருவம் முழுக்க எனக்கென்று தனியாக ஒரு நொடிகூட இருந்ததில்லை என்கிறான் மார்க். வீட்டின் எல்லா அறைகளிலும் ஒலிவாங்கிக் கம்பி இழுத்திருந்தார் அப்பா. அந்தக் கம்பிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்பது பின்னால்தான் தெரிய வரும்.

கவனிப்பாரற்று வளர்ந்த பிள்ளை என்றால் நமக்கு வரும் படம் வேறு: சாப்பாடு போட ஆளில்லை, எங்கே போனான் என்று கேட்க நாதியில்லை. மார்க்குக்கு அந்தக் குறை எதுவும் கிடையாது. பெரிய வீடு, படித்த அப்பா. ஒரு நிமிடம்கூட அவரின் பார்வையிலிருந்து அவன் விலகியதில்லை. ஆனால் அந்தச் சுருள்கள் முழுவதிலும் அப்பா ஒருமுறைகூட அழும் பிள்ளையைத் தூக்குவதில்லை. பயப்படவைக்கிறார், குறித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பிள்ளையை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தும் அவனைக் கைவிட முடியும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது. மார்க்கின் கொலைகளுக்கெல்லாம் வித்து அந்தப் பல்லியிலோ விளக்கிலோ இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதற்கு அடுத்த கணத்தில் யாரும் வரவில்லை, வித்து அங்கேதான்.

இப்படி ஒரு அப்பா கதாசிரியரின் கற்பனையில் மட்டுமே இருக்க முடியும் என்று நினைத்தால், 1920-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பி. வாட்சனும் ரோசலி ரேனரும் ‘ஆல்பர்ட்’ என்று பெயரிட்ட ஒரு கைக்குழந்தையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. வெள்ளை எலியைப் பார்த்து முதலில் பயப்படவில்லை. எலியைத் தொடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைக்குள் எலியைக் கண்டாலே குழந்தை அழுது தவழ்ந்து ஓட ஆரம்பித்தது. முயலைக் கண்டும் பயந்தது. அந்தப் பயத்தை எடுத்துவிடாமலே சோதனை முடிந்தது. எல்லாவற்றையும் வாட்சன் திரைப்படமாக எடுத்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் கல்லூரி வகுப்புகளில் காட்டப்படுகின்றன.

அதே வாட்சன் 1928-இல் பெற்றோர்களுக்காகக் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எழுதினார். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதே, முத்தமிடாதே, மடியில் உட்காரவைக்காதே; ரொம்ப வேண்டுமென்றால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம்; காலையில் கைகுலுக்கு. இதுதான் அதன் உபதேசம். பரவலாக விற்ற புத்தகம் அது. 1960-இல் முப்பதை ஒட்டிய வயதில் இருக்கும் மார்க், அந்த உபதேசம் செல்லுபடியான காலத்தில்தான் குழந்தையாக இருந்திருப்பான். படத்தை எழுதியவர்கள் வாட்சனை மனதில் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மார்க்கின் அப்பா பேராசிரியர் லூயிஸ் போன்ற ஒருவர் அன்றைக்கு மரியாதையாக உலவியிருக்க முடியும் என்று மட்டும் சொல்கிறேன்.

படம் வந்த நேரத்தில் பிரிட்டனில் காற்று திரும்பிக்கொண்டிருந்தது. மனநல மருத்துவர் ஜான் போல்பி, தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை 1951-இல் வந்தது. அவருடன் லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், அடுத்த ஆண்டு ஒரு சின்ன ஆவணப்படத்தை வெளியிட்டார். இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை சிறு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த எட்டு நாட்கள்தான் படம். அந்தக் காலத்தில் பெற்றோர் கூடவே தங்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பார்க்கவிடும் மருத்துவமனைகள்கூட இருந்தன. பிள்ளைகள் இரண்டொரு நாள் அழும், பிறகு ‘பழகிவிடும்’ என்று நர்சுகள் நம்பினார்கள். பழகிவிட்டதாக அவர்கள் நினைத்த அமைதி, குழந்தை நம்பிக்கையிழந்து அடங்கிப்போனதுதான் என்று ராபர்ட்சனின் கேமரா காட்டியது. முதல்முதலில் மருத்துவர்கள் கூட்டத்தில் திரையிட்டபோது கடும் எதிர்ப்பு. ஆனால் 1959-இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அழும் குழந்தையைத் தூக்காமல் படமெடுத்தவர்தான் ராபர்ட்சனும். அதில் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வாசல்களைத் திறந்துவிட்டார்கள். பேராசிரியர் லூயிஸின் சுருளால் ஒரு புத்தகத்துக்கு இன்னொரு அத்தியாயம் கிடைத்தது, அவ்வளவே. ஒரே நகரம், இரண்டு கேமராக்கள். ஹெலன் மார்க்கிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உங்கள் அப்பா அந்தக் குழந்தையை என்ன செய்ய முயன்றார் என்பதுதான். 1950-களின் லண்டன் மெல்ல மெல்லக் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி அது.

கதை எழுதியவர் லியோ மார்க்ஸ். அவர் வாழ்க்கையே ஒரு படத்துக்குப் போதும். லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் 84-ஆம் எண்ணில் இருந்த பழைய புத்தகக் கடையில் அவருடைய அப்பா ஒரு பங்குதாரர். புத்தகத்தின் உட்பக்கத்தில் வாங்கிய விலையைச் சங்கேத எழுத்தில் பென்சிலால் குறித்து வைப்பார் அப்பா. எட்டு வயது லியோ அதை உடைத்துவிட்டான். இரண்டாம் உலகப் போரில் அந்தத் திறமை அவரை, ஜெர்மனி பிடித்த நாடுகளுக்குள் ரகசிய ஆட்களை இறக்கிய எஸ்.ஓ.இ. என்ற அமைப்பின் சங்கேதப் பிரிவுத் தலைமைக்குக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். உளவாளிகள் ஒரு கவிதையை மனப்பாடம் செய்து, அதன் சொற்களை வைத்துச் செய்தியைச் சங்கேதமாக்குவார்கள். புகழ்பெற்ற கவிதை என்றால் எதிரியும் ஊகித்துவிடுவான் என்று மார்க்ஸே புதிதாகக் கவிதை எழுதிக் கொடுத்தார். அப்படி ஒன்றை 1944-இல் வயலட் சாபோ என்ற பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் பிடிபட்டு ராவன்ஸ்புரூக் முகாமில் கொல்லப்பட்டாள்.

கிளம்பப் போகிறவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. எதிரில் இருப்பவர் திரும்பி வராமலே போகலாம் என்று தெரிந்தும் அந்த முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பயந்த முகத்தை உற்றுப் பார்ப்பவனைப் பற்றி எழுத இதைவிடத் தகுதி வேண்டுமா? போருக்குப் பின் அவரும் பவலும் முதலில் பேசியது உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டின் வாழ்க்கையைப் படமாக்குவதைப் பற்றி. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் அதே பொருளில் படம் அறிவித்துவிட்டதால் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதில் மார்க்ஸ் கொண்டுவந்த கதைதான் இது. ஃப்ராய்டு போய்விடவில்லை என்பது படம் முழுக்கத் தெரியும். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அதற்கு ஓர் உதாரணம், ஸ்டூடியோவுக்கு வரும் மனநல மருத்துவர். கொலையால் அதிர்ந்துபோன நடிகைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், மார்க் நைசாகக் கேட்டதும் எட்டிப் பார்க்கும் மனக்கோளாறுக்கு ஒரு கிரேக்கப் பெயர் சொல்லி, இரண்டு வருடம் தொடர்ந்து வந்து பேசினால் சரியாகிவிடும் என்கிறார். மார்க்கின் முகம் விழுந்துவிடுகிறது; அவனிடம் இரண்டு நாள்கூட இல்லை. காட்சி சுவாரசியமானதுதான். ஆனால் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் பார்வையாளருக்கு நிம்மதி வந்துவிடும், ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வின் கடைசியில் மருத்துவர் நீட்டி முழக்குவது மாதிரி. நல்லவேளை, இங்கே அது இரண்டு நிமிடத்தில் முடிகிறது.

வெறி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பவல் மருத்துவர் வாயால் சொல்வதைவிடப் பொருட்களால் சொல்கிறார். ஹெலன் மார்க்கை வெளியே சாப்பிடக் கூப்பிடுகிறாள். கேமராவை வைத்துவிட்டு வா என்கிறாள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அது இல்லாமல் தெருவில் நடக்கிறான். ஓரிடத்தில் ஒரு ஜோடி முத்தமிடுகிறது. அவன் கை தானாகத் தோளுக்குப் போகிறது. அங்கே வார் இல்லை. திரும்பி வந்ததும் ஹெலன் அவனுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவன் கேமராவை எடுத்து லென்ஸைத் தன் உதட்டில் வைத்துக்கொள்கிறான். அவனுக்குக் கிடைத்த அன்பையும் அப்பா கொடுத்த பொருளின் வழியாகத்தான் வாங்கிக்கொள்ள முடிகிறது. ஹெலனைப் படமெடுக்க மட்டும் அவன் சம்மதிப்பதே இல்லை. நான் எதைப் படமெடுத்தாலும் அதை இழந்துவிடுவேன் என்கிறான். ஹெலன் எழுதிக்கொண்டிருப்பது ஒரு மந்திரக் கேமராவைப் பற்றிய குழந்தைகள் கதை என்பது கொஞ்சம் அழுத்தமான ஜோடனை. ஆனால் அந்தப் புத்தகத்துக்குப் படம் எடுத்துத் தருகிறாயா என்று அவள் கேட்கும்போது மார்க்கின் முகத்தில் வரும் குழந்தைத்தனமான சந்தோஷம் அதை மன்னிக்க வைக்கிறது.

மார்க்காக நடித்தவர் கார்ல்ஹைன்ஸ் போம். ‘சிஸ்ஸி’ படங்களில் இளம் ஆஸ்திரியப் பேரரசராக வந்து ஜெர்மன் பேசும் நாடுகளின் பெண்கள் மனதில் இடம்பிடித்தவர். அந்த மென்மையான முகத்தைக் கொலைகாரனுக்குக் கொடுத்தது பவலின் தந்திரம். லண்டனில் பிறந்து வளர்ந்த மார்க்குக்கு ஏன் ஜெர்மன் வாடை என்று படம் விளக்குவதில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தன் வீட்டிலேயே அந்நியனாக இருப்பவன் அப்படித்தான் பேசுவான் என்று தோன்றிவிடுகிறது.

இனி விமர்சகர்களைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டிய, ஆனால் அன்று அதிகம் பேசப்படாத ஒன்று. கறுப்பு வெள்ளைச் சுருளில் வரும் அப்பாவாக நடித்திருப்பவர் மைக்கேல் பவலே. அந்தப் பையன் அவருடைய சொந்த மகன் கொலம்பா. மார்க்கின் வீடு இருக்கும் மெல்பரி சாலையில்தான் பவலும் குடியிருந்தார். அதாவது தன் பிள்ளையைப் பயமுறுத்திப் படமெடுக்கும் அப்பாவின் கதையைச் சொல்ல, ஓர் அப்பா தன் பிள்ளையைப் பயந்த மாதிரி நடிக்கவைத்துப் படமெடுத்தார். இதை நேர்மை என்று புகழ்பவர்கள் உண்டு. இயக்குநர் தன்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டார் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம். தன்னை ஏற்றிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. எட்டொன்பது வயதுப் பையனிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இந்தச் சங்கடம் தெரிந்து பார்க்கும்போது அந்தச் சுருள்கள் இன்னும் கனக்கின்றன.

சினிமாத் தொழிலையும் பவல் விட்டுவைக்கவில்லை. மார்க் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் ஒரு நடிகைக்கு மயங்கி விழத் தெரியவில்லை. இயக்குநர் டேக் மேல் டேக் வாங்கிக் கத்துகிறார். கடைசியில் ட்ரங்கு பெட்டிக்குள் நிஜப் பிணத்தைப் பார்த்து அவள் நிஜமாகவே மயங்கி விழும்போது, மார்க் படமெடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த இயக்குநராக வரும் எஸ்மண்ட் நைட், 1941-இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலுடன் நடந்த கடற்போரில் பார்வையைப் பெருமளவு இழந்தவர். கண் தெரியாதவரை இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்தது தொழில்காரர்களுக்கு மட்டும் புரிந்த குறும்பு. அந்த ட்ரங்கு பெட்டிக்குள் முடியும் துணை நடிகை மொய்ரா ஷியரர், ‘ரெட் ஷூஸ்’ நாயகி. தன் பழைய புகழின் அடையாளத்தையே பவல் இதில் பலிகொடுக்கிறார்.

படம் ஆரம்பிப்பதே கேமராவின் வியூஃபைண்டர் வழியாகத்தான். தெருவில் நிற்கும் விலைமகளை நோக்கி நடக்கிறோம், அவள் பின்னால் படியேறுகிறோம், அவள் முகம் பயத்தில் கோணுவதைப் பார்க்கிறோம். குறுக்குக்கோடு நடுவில் அவள். கொலைகாரன் யார் என்று தெரிவதற்கு முன்பே அவன் கண் நம் கண்ணாகிவிட்டது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ அதே ஆண்டு ஜூனில் வந்தது. அதிலும் ஓட்டை வழியாகப் பார்ப்பவன், அதிலும் பெற்றோரின் பிடியிலிருந்து விடுபடாத பிள்ளை. ஆனால் ஹிட்ச்காக் பார்வையாளரைப் பயமுறுத்திவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்து அனுப்புகிறார். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டித் திரையிடவும் மறுத்துவிட்டார், சாமர்த்தியசாலி. பவல் தட்டிக்கொடுப்பதில்லை. இருட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பயத்தைக் காசு கொடுத்துப் பார்க்கும் நீங்கள் பேராசிரியர் லூயிஸுக்கு எந்த வகையில் வேறு என்று கேட்கிறார். வாரம் நான்கு படம் பார்த்துச் சம்பளம் வாங்கும் விமர்சகருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

மரியாதைப்பட்ட ஆட்களைப் பற்றி ஒரு சின்னக் காட்சி உண்டு. பத்திரிகைக் கடைக்கு ஒரு கண்ணியமான வயோதிகர் வருகிறார். ‘டைம்ஸ்’ கேட்கிறார், ‘டெலிகிராப்’ கேட்கிறார், பிறகு குரலைத் தாழ்த்தி ‘அந்தப் படங்கள்’ கேட்கிறார். கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, செய்தித்தாள்களைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போகப் பார்க்கிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் மார்க்கை மட்டும் மிருகம் என்று தள்ளிவைக்க முடியாதபடி ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

படத்தை எல்லா இடத்திலும் பாராட்ட முடியாது. கொல்லப்படும் பெண்கள் மூவருமே ஏறக்குறைய கருவிகள்தான். விலைமகள், துணை நடிகை, படத்துக்கு நிற்கும் மாடல். சாவதற்கு முன் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மார்க்கின் வலிக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாறு தரும் படம் அவர்களில் யாருடைய வீட்டுக்கும் போவதில்லை. பிள்ளைப் பருவத்து வேதனையை முன்வைத்துக் கொலைகாரனைப் புரியவைக்கும் படங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் ஓட்டை இது. ஹெலனின் பார்வையற்ற தாய் மட்டும் விதிவிலக்கு. மற்ற எல்லோரும் பார்ப்பதில் மயங்கியிருக்க, அவர் மட்டும் காலடிச் சத்தத்தை வைத்தே மேலே இருப்பவனிடம் ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்கிறார். மாக்ஸீன் ஆட்லியின் நடிப்பு படத்திலேயே சிறந்தது என்பேன்.

முடிவில் ஹெலன் அந்தச் சுருளைப் பார்த்துவிடுகிறாள். மார்க் தன் கருவியின் கடைசி ரகசியத்தைச் சொல்கிறான்: கேமராவில் ஒரு வட்டக் கண்ணாடியும் பொருத்தியிருக்கிறது. சாகிறவர்கள் தங்கள் பயத்தைத் தாங்களே பார்த்தபடி செத்தார்கள். அப்பா அவனுக்குச் செய்ததை, அதாவது தன் பயமே தனக்குத் திருப்பிக் காட்டப்படும் நிலையை, அவன் இன்னொருவர் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறான். போலீஸ் கதவை உடைக்கும்போது, வரிசையாக நிறுத்திய கேமராக்கள் பளிச்சிட, தன் சிறு வயது அழுகை ஒலிநாடாவில் ஓட, அதே கத்தியில் அவனே பாய்கிறான். பல வருடத்துக்கு முன்பே திட்டமிட்ட காட்சி அது. ஆவணப்படத்துக்கு அதுதான் கடைசிச் சுருள்.

இந்தப் படத்தோடு பவலின் தொழில் முடிந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது மிகை. 1961-இல் ஒரு படம் வந்தது. பிறகு ஆஸ்திரேலியா போய் 1966-இலும் 1969-இலும் படம் எடுத்தார். ஆனால் பிரிட்டனில் பெரிய முதலீட்டுக் கதவுகள் மூடிவிட்டன என்பது உண்மை. விநியோகஸ்தர்களும் படத்தை அவசரமாகத் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1979-இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் முயற்சியில் நியூயார்க் திரைப்பட விழாவில் மறுபடி காட்டப்பட்ட பிறகுதான் பேச்சு மாறியது. 1960-இல் கண்டித்து எழுதிய விமர்சகர் டிலிஸ் பவல் (இயக்குநருக்கு உறவு கிடையாது) 1994-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அச்சிலேயே வருத்தம் தெரிவித்தார். மைக்கேல் பவல் அதைப் படிக்க இருக்கவில்லை, 1990-இலேயே இறந்துவிட்டார்.

சரி, கைவிடப்பட்ட பிள்ளைகள் கொலைகாரர்கள் ஆகிறார்களா? இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு வரும் முதல் சந்தேகம் இது. அதற்கு ஓரளவு பதில் அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடோம் 1989-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. நீதிமன்றப் பதிவுகளில் கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானதாக உறுதியான குழந்தைகளையும், அதே வயது, அதே சூழலைச் சேர்ந்த மற்றக் குழந்தைகளையும் அவர் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டார். வன்முறைக் குற்றத்துக்காகப் பின்னாளில் கைதானவர்கள், அடிபட்டு வளர்ந்தவர்களில் 15.8 சதவீதம். அடியே படாமல் கவனிப்பின்றி மட்டும் வளர்ந்தவர்களில் 12.5. மற்றவர்களில் 7.9. கண்டுகொள்ளாமல் விடுவதும் அடிப்பதற்கு அருகில் வருகிறது என்பது அன்று பலருக்கும் புதுச் செய்தி. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், கவனிப்பின்றி வளர்ந்த நூறு பேரில் எண்பத்தேழு பேருக்கு மேல் எந்த வன்முறை வழக்கிலும் சிக்கவில்லை. கைதானவர்களிலும் மார்க் மாதிரித் தொடர் கொலை செய்பவர் அரிதிலும் அரிது.

அந்த எண்பத்தேழு பேரைப் பற்றித் திகில் படம் யாரும் எடுப்பதில்லை. அவர்களுக்குப் பயம் போகாது, தூக்கம் வராது, நெருங்கி வந்தவரை நம்ப முடியாது; திரையில் காட்ட இதில் சத்தமே இல்லை. ‘பீப்பிங் டாம்’ அவர்களுக்கு அருகில் வரும் இடம் கொலைக் காட்சிகள் எதிலும் இல்லை. ஹெலன் அறைக்குள் வரும்போது அவளை எங்கே உட்காரச் சொல்வது, தண்ணீர் வேண்டுமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மார்க் தடுமாறும் இடத்தில் இருக்கிறது. இந்தப் படத்தை மறுபடி பார்ப்பதாக இருந்தால் நான் அந்தக் காட்சிகளுக்காகத்தான் பார்ப்பேன்.